சொல்லும் மதிப்பெண்ணும் கிழங்கும்: சேலம், நாமக்கல் சமவெளியில் உயிர்வேதியியல் கல்வி

உயிரிகளின் உடலில் நிகழும் வேதி மாற்றங்களை ஆராயும் உயிர்வேதியியலின் அடிப்படைகளைத் தமிழ்நாட்டு மாணவர் இன்று மேல்நிலை வகுப்புகளில் விரிவாகக் கற்கின்றனர். சேலம், நாமக்கல் பகுதியில் இக்கல்வி கடந்து வந்த வழியை நோக்கினால், முதலில் சொல்லுக்காகவும் பின்னர் மதிப்பெண்ணுக்காகவும் பெருமுயற்சி நடந்ததையும், பாடத்துக்குரிய பொருள் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியிலேயே நின்றதையும் காணலாம்.

சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, 1916-இல் வெங்கடசுப்பையருடன் இணைந்து அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டார். வேதியியல், உயிரியல் முதலிய துறைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடிய அச்சங்கத்தின் இதழ் ஆங்கிலத்தில் நடந்தது என்பது, படித்தவர் எம்மொழியில் சிந்தித்தனர் என்பதற்குச் சான்று. பாரதியாரும் இம்முயற்சியைப் பற்றி எழுதினார். பிற்காலத்தில் ராஜாஜியே 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலில் வேதியியலை எளிய தமிழில் விளக்கினார். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொல் தொகுதி தமிழ்ச் சொற்களை நாட, 1940-இல் அரசு அமைத்த சீனிவாச சாஸ்திரி குழு வடசொற்களின் பக்கம் சாய்ந்தது. பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன் என ஒரே வாயுவுக்கு மூன்று பெயர் நிலவுவது இவ்வழக்கின் எச்சமே. எனினும் அந்தத் தேடலின் போக்கில் 'நொதி' போன்ற நல்ல சொற்களும் தமிழுக்குக் கிடைத்தன. உயிரணுவில் வேதிவினைகளை விரைவுபடுத்தும், பெரும்பாலும் புரதமாகிய பொருளே நொதி; தோசை மாவு புளிக்கும்போது நிகழும் நொதித்தலிலிருந்து பிறந்த இச்சொல், 1870-களில் ஜெர்மானிய அறிஞர் கூனே ஈஸ்ட்டை மனத்திற்கொண்டு கிரேக்கத்திலிருந்து ஆக்கிய 'என்சைம்' என்ற பெயரோடு பொருளாலும் ஒத்துப்போகிறது.

கல்லூரிகளில் நடந்த புகுமுக வகுப்பு நீங்கி, 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. தொழிற்படிப்புகளுக்கு 1984 முதல் நடந்த மாநில நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியபின், உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 எனக் கணக்கிடப்பட்ட 200 கட்-ஆஃப் ஒன்றே மருத்துவ இடத்தை முடிவுசெய்தது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தின் விடுதிப் பள்ளிகள் மாநிலமெங்கும் பெயர்பெற்றது இந்தக் கணக்கினால்தான். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு உருப்போடச் செய்யும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றியது. இப்பள்ளிகளைக் கோழிப்பண்ணை என்று மக்கள் கேலி செய்தது முட்டைக்குப் பெயர்போன ஊர் என்பதால் மட்டுமன்று.

இரு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினா எழுப்பும் நீட் என்னும் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வு 2017-இல் தமிழ்நாட்டுக்கும் உரியதானபோது இவ்வழக்கம் ஆட்டங்கண்டது. அக்கல்வியாண்டிலேயே பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான பாடத்திட்டக் குழுவின் வழிகாட்டலில் 2018, 2019 ஆண்டுகளில் வெளியான புதிய பாடநூல்களில், மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் ஆகிய உயிர் மூலக்கூறுகள் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலிலும் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலிலும் தனி இயல்களாக இடம்பெற்றன. பாடம் செறிந்தது, ஆயினும் மனப்பாடத்தின் இடத்தைச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி பிடித்துக்கொண்டதேயன்றி, பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வழக்கம் அதே அளவில் வளர்ந்ததாகச் சொல்ல இயலாது.

பொருளுக்கோ இப்பகுதியில் பஞ்சமில்லை. ஆத்தூர், இராசிபுரம் வட்டாரங்களின் சேகோ ஆலைகளில் தோலுரித்த குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து நீர்விட்டுச் சலிக்கையில் நார் திப்பியாக ஒதுங்க, வெண்பாலாக வழிந்த மாவு தொட்டியின் அடியில் படிகிறது. குலுக்கி உருட்டிய குருணையைச் சட்டியில் வறுக்கும்போது மேற்பரப்பு மாவுமணிகள் ஈரத்தில் வீங்கிப் பசையாகி ஒட்டிக்கொள்வதால் ஜவ்வரிசி உருக்கொள்கிறது. இம்மாவு அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் இரு குளுக்கோஸ் தொடர்களாலானது. திருகுசுருளாக வளைந்த அமைலோஸினுள் அயோடின் புகுவதே, செய்முறைத் தேர்வில் மாணவர் காணும் கருநீல நிறத்துக்குக் காரணம்.

அதே கிழங்கு நொதிப் பாடமாகவும் அமைகிறது. அதன் உயிரணுவில் லினமாரின் என்னும் சர்க்கரைச் சேர்மம் உள்ளறையிலும், அதைச் சிதைக்கும் லினமாரேஸ் என்னும் நொதி அணுச்சுவரிலும் தனித்தனியே இருப்பதால், முழுக்கிழங்கில் வினை நிகழ்வதில்லை. அரைத்தாலோ மென்றாலோ சுவர் உடைந்து இரண்டும் கலக்க, நச்சாகிய ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. நொதிக்கும் அது வினைபுரியும் பொருளுக்கும் உள்ள பொருத்தத்தைப் பூட்டு, சாவி என்ற உவமையால் பாடநூல் விளக்குகிறது. கிழங்குத் தோலைப் பச்சையாகத் தின்ற ஆடு ஏன் சாகக்கூடும் என்பதை அறிந்த உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சாவி எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதும் சேர்த்தே விளங்கும்.