கறுப்பு டெலிபோன்: வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் ஒயரிங்



விரலை விட்டுச் சுழற்றும் பழைய டெலிபோன் மறுபடியும் வீடுகளுக்குத் திரும்பி வருகிறது. காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் அங்குள்ள பழம்பொருள் கடைகளில் பேரம் பேசி வாங்கி வருகிறார்கள். ஆன்லைனிலும் கிடைக்கிறது. ஷோகேஸில் அதைப் பார்க்கிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இது வேலை செய்யுமா?" என்பதுதான்.

செய்யும். ஆனால் எதில் இணைத்தால் செய்யும், எதில் செய்யாது என்பது அந்த டயலின் கதை தெரிந்தால்தான் புரியும். வாங்குவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். நம் குடியிருப்பில் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு உதவும் ஒரு யோசனையும் கடைசியில் இருக்கிறது.

டயல் பிறந்த கதை

கிரகாம் பெல் 1876-ல் காப்புரிமை பெற்ற டெலிபோனில் டயல் கிடையாது. தொடக்க கால எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். யார் வேண்டும் என்று நீங்கள் சொல்ல, அவர் ஒயரை எடுத்துப் பலகையில் செருகி இணைத்துக் கொடுப்பார்.

அமெரிக்காவின் கான்ஸாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்தி வந்தார். தன்னைக் கேட்டு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பி விடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம் என்று சொல்வார்கள். சந்தேகம் நியாயமோ இல்லையோ, ஆபரேட்டரே இல்லாமல் இணைக்கும் கருவி ஒன்றை அவர் யோசித்தார். 1891 மார்ச்சில் காப்புரிமை கிடைத்தது. 1892-ல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது. அப்போது பொத்தானை எத்தனை முறை அழுத்துகிறோம் என்பதுதான் கணக்கு. சுழற்றும் டயல் 1896-ல் வந்தது.

அவருடைய கருவி செய்ததை நான் என் தொழில் பாஷையில் சொல்கிறேன். பழைய வங்கி லெட்ஜரில் முதலில் பக்கத்தைத் திருப்புவோம், பிறகு அந்தப் பக்கத்தில் வரியைத் தேடுவோம். ஸ்ட்ரௌஜர் கருவியில் ஒரு இலக்கத்துக்கு ஒரு தண்டு அத்தனை படி மேலே ஏறும். அடுத்த இலக்கத்துக்கு அத்தனை படி பக்கவாட்டில் திரும்பும். பத்துப் படி மேலே, பத்துப் படி பக்கத்தில். ஆக ஒரு கருவியில் நூறு இணைப்புகள்.

இந்தியாவுக்கு வந்தது

கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று ஊர்களிலும் 1882 ஜனவரியில் எக்ஸ்சேஞ்ச் தொடங்கிவிட்டது. எல்லாம் ஆபரேட்டர் கையால் இணைப்பதுதான். நாட்டின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14-ல் சிம்லாவில் வந்தது; 700 இணைப்புகள். கோடைகாலத்தில் அரசாங்கமே அங்கு குடிபோன காலம் அது.

சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கப்பட்டது. சுருக்கமாக ஐ.டி.ஐ. அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்புக்குத் தூரவாணி நகர் என்றே பெயர். கன்னடத்தில் தூரவாணி என்றால் தொலைபேசி. நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த கனமான கறுப்பு டெலிபோன்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவைதான். டிரங்க் கால் புக் செய்யாமல் வெளியூருக்கு நாமே டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதி 1960-ல் லக்னோ - கான்பூர் இடையே தொடங்கியது.

அப்போது டெலிபோன் என்பது இலாகாவின் சொத்து. நாம் வாடகை கட்டினோம். இணைப்பை ஒப்படைத்தால் கருவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுப் பரணில் தேடினால் தாத்தாவின் ரேடியோ கிடைக்கும், டெலிபோன் கிடைக்காது என்பதற்கு இதுதான் காரணம்.

விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் பிறந்ததுதான் பி.பி. நம்பர். விசிட்டிங் கார்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருந்தால், அது பக்கத்து வீட்டு எண் என்று அர்த்தம். "மாடி வீட்டு மாமியைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?" என்று யாரோ கேட்பார்கள், ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிள்ளை ஓடும். பிரசவச் செய்தியும் மரணச் செய்தியும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. ஒரு தெருவுக்கே ஒரு டெலிபோன் போதுமானதாக இருந்தது.

பூட்டுப் போட்டவருக்குத் தெரியாத ரகசியம்

டயலுக்குப் பூட்டுப் போடும் வழக்கம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஓட்டையில் ஒரு சின்னப் பூட்டை மாட்டிவிட்டால் டயல் சுற்றாது. பில் ஏறாது என்று முதலாளி நிம்மதியாக இருப்பார். விவரம் தெரிந்த பையன்கள் டயலைத் தொடாமலே பேசிவிடுவார்கள். ரிசீவர் வைக்கும் இடத்திலுள்ள பொத்தானை மூன்று முறை வேகமாகத் தட்டினால் 3, கொஞ்சம் நிறுத்தி ஐந்து முறை தட்டினால் 5. பூஜ்யத்துக்குப் பத்துத் தட்டு.

டயல் செய்வதும் இதே வேலைதான். நாம் சுழற்றும்போது எதுவும் நடப்பதில்லை. விரலை எடுத்தபின் டயல் தானாகத் திரும்பி வரும்போதுதான், நொடிக்குப் பத்து என்ற கணக்கில் லைன் அறுந்து அறுந்து சேர்கிறது. இதற்குத்தான் பல்ஸ் என்று பெயர். அந்த வேகத்தைக் காக்க உள்ளே ஒரு சின்ன கவர்னர் இருக்கிறது. டயலைக் கையால் பின்னுக்குத் தள்ளினால் ராங் நம்பர் விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

சென்னையின் 044-க்குப் பத்து, நான்கு, நான்கு என 18 பல்ஸ். டெல்லியின் 011-க்கு 12 போதும். போலீஸின் 100-க்கு 21. இன்றைய அவசர எண் 112-க்கு நாலே நாலு.

இப்போது நாம் பொத்தானை அழுத்தினால் கேட்கும் 'டீ... டூ...' ஒலி வேறு முறை. அதை அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்தியது. இந்த இரண்டு பாஷைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் ஒயரிங் பிரச்சினை முழுவதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில், டயல் நிஜமாகவே சுற்றுகிறதா என்று பாருங்கள். பித்தளையில் பளபளக்கும் பல 'ஆன்டிக்' டெலிபோன்கள் புதியவை. வட்டமாகப் பொத்தான் வைத்தவை. உபயோகத்துக்கு அவை சுலபம். பழையது என்று நினைத்து விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, பூஜ்யத்தைச் சுழற்றி விடுங்கள். ஒரு நொடிக்குச் சற்று மேலான நேரத்தில், திக்காமல், ஒரே சீராகத் திரும்பி வர வேண்டும். திணறினால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது.

மூன்றாவது, அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கிண்ணங்கள், நடுவில் சுத்தி, காயில், கண்டென்சர் இவ்வளவும் இருக்க வேண்டும். வெறும் கூட்டை விற்பவர்களும் உண்டு.

நான்காவது, பேசும் பக்கத்து மூடியைத் திருகிப் பாருங்கள். உள்ளே உள்ள மைக்கில் கார்பன் துகள்கள் இருக்கும். நாள்பட்டால் அவை கட்டிப்படும். குரல் கிணற்றிலிருந்து வருவது போலிருக்கும். லேசாகத் தட்டினால் பல சமயம் சரியாகிவிடும்.

இணைப்பது எப்படி

டெலிபோன் லைனுக்குத் தேவை இரண்டே ஒயர். கடையில் கிடைக்கும் சாதாரண டெலிபோன் கார்டு ஒன்றை வாங்கி, ஒரு முனையிலுள்ள பிளக்கை வெட்டிவிடுங்கள். நடுவிலுள்ள இரண்டு ஒயர்கள்தான் லைன். அவற்றைக் கருவிக்குள் லைன் வரும் இரண்டு திருகுகளில் மாட்ட வேண்டும். பழைய கார்டில் மூன்றாவது ஒயர் இருந்தாலோ, எந்தத் திருகு என்று தெரியாவிட்டாலோ, ஓய்வுபெற்ற டெலிபோன் ஊழியர் ஒருவரிடம் காட்டுங்கள். பத்து நிமிஷ வேலை. மணி அடிக்கும்போது லைனில் 75 வோல்ட்டுக்கு மேல் வரும், ஷாக் அடிக்கும். ஆகவே எல்லாம் முடிந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

இனி எதில் செருகுவது? செப்புக் கம்பி லேண்ட்லைன் இன்னும் இருந்தால் கவலை இல்லை. பெரும்பாலான டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் பல்ஸையும் புரிந்துகொள்ளும்.

ஃபைபர் மோடத்தின் டெலிபோன் துளையில் செருகினால், வரும் அழைப்பை எடுத்துப் பேசலாம். மணி மட்டும் சற்றுச் சோர்வாக அடிக்கலாம். ஆனால் டயல் செய்தால் பல மோடம்களுக்குப் பல்ஸ் புரியாது. அதற்கு பல்ஸை டோனாக மாற்றும் சிறு கருவி வேண்டும். மொபைலோடு ப்ளூடூத்தில் சேரும் பெட்டிகளும் உண்டு. பல்ஸை ஏற்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த முறையாக இருந்தாலும், நீங்களே சோதித்துப் பார்க்காமல் அவசரத்துக்கு இந்த டெலிபோனை நம்பாதீர்கள். 112-க்கு நாலு பல்ஸ் போதும் என்றேன். அந்த நாலும் எதிர்முனைக்குப் புரிந்தால்தான் பிரயோஜனம்.

கரண்ட் இல்லாத நேரத்தில்

பழைய லேண்ட்லைனுக்குச் சார்ஜர் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் உள்ள பெரிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் அந்தச் செப்புக் கம்பியிலேயே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் டெலிபோன் பேசியது அதனால்தான். ஃபைபரில் வருவது வெளிச்சம். அது கருவியை இயக்காது. மோடம் அணைந்தால் டெலிபோனும் அணைந்துவிடும். மொபைல் இருக்கிறதே என்பீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் டவர்கள் மின்சாரமின்றி ஓய்ந்துபோனதைச் சென்னையில் இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது.

ஆகவே சங்கத்துக்கு என் யோசனை இது. நம்மைப் போன்ற குடியிருப்புகளின் இன்டர்காம் இன்றும் செப்புக் கம்பியில்தான் ஓடுகிறது. பல இன்டர்காம் எக்ஸ்சேஞ்சுகளில் பல்ஸ் டயலும் வேலை செய்யும். நம்முடையது செய்யுமா என்று பராமரிப்பு ஆளை வைத்து ஒரே ஒரு இணைப்பில் சோதிக்கலாம். அப்படியே அந்தப் பெட்டிக்கு பேட்டரி இருக்கிறதா, இருந்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் எழுதி வாங்கலாம். மோடத்துக்கு மினி யு.பி.எஸ். வைப்பது அவரவர் வீட்டுச் செலவு. இன்டர்காம் பேட்டரி பொதுச் செலவு.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில், டச் ஸ்கிரீன் விரலுக்கு அடங்காதவர்களுக்கு, எடுத்தால் கேட்டில் இருப்பவரோடு பேசும் ஒரு கனமான டெலிபோன் படுக்கையருகில் இருப்பது நல்லது. கறுப்பாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொள்ளும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டு இன்டர்காமை இன்றே எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பாருங்கள். வராதவர்கள் அலுவலகப் புகார்ப் புத்தகத்தில் வீட்டு எண்ணை எழுதுங்கள். எத்தனை இணைப்புகள் செத்துக் கிடக்கின்றன என்ற கணக்கு கூட்டத்துக்கு முன் கையில் இருக்க வேண்டும்.