பிரிட்டிஷ் சார்ஜன்ட் (எண்ணெய்க் கப்பல்)

பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்பது இரண்டாம் உலகப்போரின்போது, 1942 ஏப்ரல் 9 அன்று, இலங்கையின் மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கிய எண்ணெய்க் கப்பலாகும். 1922இல் கட்டப்பட்ட இக்கப்பலின் அளவு 5,868 மொத்தப் பதிவு டன். இங்கு டன் என்பது எடையைக் குறிக்காமல், கப்பலுக்குள் அடைபட்ட இடத்தை நூறு கன அடிக்கு ஒன்று என்ற கணக்கில் அளக்கும் கொள்ளளவு அலகாகும். லட்சம் டன்னைக் கடந்த இக்கால எண்ணெய்க் கப்பல்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது.

இதன் உரிமையாளரான பிரிட்டிஷ் டேங்கர் கம்பெனி, பாரசீக எண்ணெயை ஏற்றிச் செல்வதற்கென ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய் நிறுவனம் 1915இல் தொடங்கிய துணை நிறுவனம். பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிவந்த நிலையில், தாய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைப் பிரிட்டிஷ் அரசே 1914இல் வாங்கியிருந்தமையால், இக்கப்பல்கள் வணிகக் கப்பல்களாக இருந்தபோதிலும் அரசின் போர்த் தேவையோடு பிறப்பிலேயே பிணைந்திருந்தன.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் சுமத்திராவின் பாலெம்பாங் எண்ணெய்ப் பகுதியும், மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமானதால், இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷார் பாரசீகத்தின் அபாதான் சுத்திகரிப்பு ஆலையையே பெரிதும் நம்பவேண்டியதாயிற்று. திருகோணமலையின் சீனக்குடாவில் வரிசையாக எழுப்பப்பட்டிருந்த பெரும் எண்ணெய்த் தொட்டிகள் கடற்படையின் எரிபொருள் இருப்பைக் காத்தன. ஏப்ரல் 5 ஞாயிறன்று கொழும்பையும், மறுநாள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது சென்னை நகரமே அஞ்சி, மக்கள் பெருந்திரளாக உள்மாவட்டங்களுக்கு வெளியேறினர்.

ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் திருகோணமலையை நெருங்குவதை அறிந்து, துறைமுகத்திலிருந்த கப்பல்கள் ஏப்ரல் 8 இரவு கடலுக்கு அனுப்பப்பட்டன. அவ்வாறு தெற்கே சென்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ், தன் விமானங்களைக் கரையில் விட்டிருந்த நிலையில், மறுநாள் முற்பகலில் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அதில் இறந்தோர் 307 பேர். உடன் சென்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வாம்பயரும் தப்பவில்லை. ஹெர்மிசை நோக்கி வந்த குண்டுவீச்சு விமானங்களில் ஒரு பகுதி, அக்கப்பல் ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருப்பதைக் கண்டு, அருகிலிருந்த பிற கப்பல்களின்மேல் திரும்பியது. கடற்படையின் துணை எண்ணெய்க் கப்பலான அத்தெல்ஸ்டேன், அதற்குக் காவலாக வந்த ஹாலிஹாக் என்னும் கொர்வெட் வகைச் சிறு போர்க்கப்பல், நார்வே நாட்டு வணிகக் கப்பலான நார்விகன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஆகிய நான்கும் இவ்வாறு அழிந்தன. குண்டுகளால் உடல் பிளந்த பிரிட்டிஷ் சார்ஜன்ட், கல்குடாவுக்கு அருகே இரண்டாக முறிந்து மூழ்கியது. அதன் மாலுமிகள் உயிர்காப்புப் படகுகளில் கரைசேர்ந்தனர்.

இந்நாளை விவரிக்கும் போர் வரலாறுகள் ஹெர்மிசுக்குப் பல பக்கங்களைத் தந்து, எண்ணெய்க் கப்பல்கள் இரண்டையும் ஒரே வரியில் கடந்துவிடுவது வழக்கம். உயிரிழப்பின் அளவு அதற்குக் காரணமாகலாமெனினும், எரிபொருள் வந்துசேராத கடற்படை நகரவே இயலாது என்பதால் அந்த ஒரு வரி போதுமானதன்று.

கல்குடாவை அடுத்த பாசிக்குடாக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 24 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட்டின் சிதைவு, மீன்கள் பெருகி வாழும் இடமாகிவிட்டது. ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருப்பதால் சிறப்புப் பயிற்சி பெற்றோரே அங்கு இறங்க முடியும். பிரிட்டிஷ் சார்ஜன்ட்டை ஓரளவு பழகிய முக்குளிப்போரும் காணலாம். இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தபின் வருவோர் எண்ணிக்கை கூடியது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கீழைக் கடல் தெளிந்திருக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே முக்குளிப்புக்கு ஏற்றவை.