டேஷ்போர்டைப் பிரிக்கும் முன்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும், அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய அம்பாசிடரையும் ஃபியட்டையும் தார்ப்பாயை விலக்கி மறுபடி கிளப்பிப் பார்க்கும் ஆசை இப்போது பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசை. ஆனால் பலர் முதலில் கை வைப்பது டேஷ்போர்டில். வெடித்துப்போன ரெக்சினைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிளைவுட் அறுத்து, மேலே பளபளவென்று மைக்கா ஒட்டிவிடுகிறார்கள். "புதுசு மாதிரி ஆயிடுச்சு சார்" என்று படமும் அனுப்புகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். டேஷ்போர்டு என்பது கார் வருவதற்கு முன்பே இருந்த சொல். குதிரை வண்டியில், குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் தெறிக்காமல் முன்னால் வைத்த பலகைக்குத்தான் அந்தப் பெயர். கார் வந்தது; குதிரை போனது; பலகை மட்டும் நின்றுவிட்டது. பிறகு மீட்டர்களை அதில் பதித்தார்கள். சேற்றைத் தடுத்த பலகை, வேகத்தைக் காட்டும் பலகையானது.

1950-களில் அந்தப் பலகை பெரும்பாலும் வெறும் இரும்புத் தகடு அல்லது மரம். 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு காரில் அழுத்திச் செய்த நார் அட்டை வைத்தார்கள். 1961-ல் வந்த ஹெரால்டு 1200-ல் மெல்லிய மரத்தகடு ஒட்டிய பலகை வந்தது. இந்த ஹெரால்டு நமக்கு அந்நியம் இல்லை. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், சென்னையை அடுத்த வண்டலூர் பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஆலையில் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று அதைச் செய்தது. உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் இரண்டு கதவோடு நின்றுபோன அந்தக் காருக்கு நான்கு கதவு வைத்தது நம் சென்னை ஆலைதான்.

தகடும் மரமும் பார்க்க அழகு. மோதலில் மண்டையை உடைப்பதும் அவைதான். 1965-ல் அமெரிக்காவில் ரால்ஃப் நாடெர் கார்களின் பாதுகாப்பின்மை பற்றி ஒரு புத்தகம் எழுதி நாட்டையே உலுக்கினார். அடுத்த ஆண்டே அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 முதல் அங்கே விற்கும் கார்களில், உள்ளே இருப்பவர் தலை மோதக்கூடிய இடங்களுக்கு விதி வந்தது. டேஷ்போர்டுக்கு மேல் நுரைப்பஞ்சும் அதன் மேல் ரெக்சினும் உலகம் முழுவதும் பரவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மெத்தை வெறும் அலங்காரம் இல்லை. அதைப் பிடுங்கிவிட்டு பிளைவுட் அடிப்பவர், தெரியாமலேயே வண்டியை 1965-க்கு முன்னால் கொண்டுபோகிறார். உட்காரப் போவது அவருடைய பிள்ளைகள்.

சரி, ரெக்சின் என்றால் என்ன? அதுவும் ஒரு இங்கிலாந்து நிறுவனத்தின் பெயர். மான்செஸ்டர் அருகே ஹைடு என்ற ஊரில் செய்தார்கள். நெய்த பருத்தித் துணி மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பூசி, தோல் போல வரி அழுத்தினால் ரெக்சின். பிற்பாடு அந்தப் பூச்சு போய் பி.வி.சி. வந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தறிச் சத்தத்தில் வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரெக்சினைத் திருப்பிப் பாருங்கள், அடியில் துணிதான் இருக்கும். பழைய துண்டுகளில் பாவும் ஊடையும் கண்ணுக்கே தெரியும்.

ஏன் வெடிக்கிறது? பி.வி.சி. தன்னளவில் விறைப்பானது. வளைய வேண்டும் என்று ஒரு எண்ணெய் மாதிரியான பொருளைக் கலக்கிறார்கள். வருடக்கணக்கில் வெயிலில் நிற்கும்போது அது ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுப்பாகப் படிவதில் அதுவும் உண்டு. எண்ணெய் போனதும் மேல்தோல் சுருங்கி வெடிக்கிறது. சித்திரை வெயிலில் வண்டி நிற்கும்போது கண்ணாடிக்கு உள்ளே ஒரு பழைய வேட்டியை விரித்தாலே பாதி சேதத்தைத் தவிர்க்கலாம்.

இப்போது நம் நாட்டுக் கதை. 1953-ல் மத்திய அரசு, உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்கக் கூடாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போயின. அதன்பின் 1983 டிசம்பரில் மாருதி 800 வரும் வரை நமக்குக் கார் என்றால் பெரும்பாலும் மூன்றுதான்: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் இருக்கும் வண்டியைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினார்கள். ஊருக்கு ஊர் குஷன் கடைகள் இப்படித்தான் வேரூன்றின. அந்தக் கடைக்காரர் கையால் போட்ட ரெக்சினும் வரலாறுதான்.

வீட்டிலேயே மாற்ற நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பிறகு ஒவ்வொரு வயரையும், திருகையும் இடத்தோடு படம் எடுங்கள். பழைய ரெக்சினைக் கிழிக்காமல், ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். அடியில் வேறு நிறத்தில் இன்னொரு ரெக்சின் இருந்தால் நிறுத்துங்கள். முதல் சொந்தக்காரர் பார்த்த நிறம் அதுவாக இருக்கலாம். உரித்ததைக் கெட்டியான தாளில் வைத்து வரைந்து மாதிரி எடுங்கள். புது ரெக்சின் வாங்கும்போது அடித்துணி பின்னல் துணியா என்று பாருங்கள். நெய்த துணி பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் இழுபடாது, கிராஸாகத்தான் கொடுக்கும். பின்னல் துணி வளைவுகளில் நன்றாகப் படியும். நுரைப்பஞ்சு நைந்திருந்தால் அதே கனத்தில் புதிது போடுங்கள். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டே ஒட்டுங்கள். அந்த வாடை தலை சுற்ற வைக்கும். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். உரித்த பழைய துண்டை, தேதி எழுதி ஒரு தகர டப்பாவில் வையுங்கள்.

அந்த டப்பா எதற்கு? ஸ்டாண்டர்டு ஆலை 1988-ல் நின்றுபோனது. உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ குழுமம் வாங்கியது. 2021-ல் அந்தக் குழுமமும் ஃபியட்டும் ஒன்றாகி ஸ்டெல்லாண்டிஸ் ஆனது. அந்த நிறுவனத்தின் சிட்ரோன் கார்கள் நம் திருவள்ளூரில்தான் செய்யப்படுகின்றன, 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் கார் செய்த அதே இடத்தில். அம்பாசிடர், ஃபியட் என்ற இரண்டு பெயருக்கும் சொந்தக்காரர் நம் மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கிறார். பழைய வண்டிகளின் அச்சும் மாதிரியும் நிறமும் எங்கே என்று கேட்டால், உங்கள் வீட்டுத் தார்ப்பாய்க்கு அடியில் என்பதுதான் பல நேரம் பதில்.

2021-ல் மத்திய அரசு 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. சேசிஸ், உடல், எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. டேஷ்போர்டு ரெக்சினைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு இருந்தால், பிரிப்பதற்கு முன் டேஷ்போர்டைப் படம் எடுத்து, வருடத்தோடு கீழே போடுங்கள். வண்டி விற்றுப்போயிருந்தால், ஆல்பத்தில் கல்யாணக் காரின் படமாவது இருக்கும். தேடிப் பாருங்கள்.