தாய்க் கொட்டாரம்

எங்கள் ஊர்ப் பெயரான கொட்டாரம் என்பதற்கு அரண்மனை என்று பொருள். இச்சொல்லின் பொருளை நேரில் காண விரும்புவோர் தக்கலையை அடுத்த பத்மநாபபுரத்துக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள அரண்மனை ஒருவர் ஒரே காலத்தில் திட்டமிட்டுக் கட்டியதன்று. ஒரு வீடு தலைமுறை தலைமுறையாக வளர்ந்து அரண்மனையாயிற்று என்பதே பொருந்தும்.

அவ்வளாகத்தில் மிகப் பழையது தாய்க் கொட்டாரம். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இது அடிப்படையில் ஒரு நாலுகெட்டு வீடு. நடுவே திறந்த முற்றம். சுற்றிலும் தாழ்ந்த ஓட்டுக்கூரை. அதைத் தாங்கும் மரத்தூண்கள். திருவிதாங்கூரை உருவாக்கிய மார்த்தாண்ட வர்மா (ஆட்சிக்காலம் 1729–1758) இவ்வளாகத்தைப் பெரிதும் விரிவாக்கினார். நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகை அவர் காலத்தது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மன்னருக்குப் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்புவது அரிய செயலன்று. ஆயினும் தாய்க் கொட்டாரம் இடிக்கப்படவில்லை.

இதற்கு இடமளித்தது தச்சுமரபு. நாலுகெட்டுடன் இன்னொரு முற்றம் சேர்ந்தால் எட்டுகெட்டு. அது இரட்டித்தால் பதினாறுகெட்டு. வளர்ச்சிக்கான வழி முதல் வீட்டிலேயே அமைந்திருந்தது. பகுதியைச் சிதைக்காமல் விகுதி சேர்ந்து சொல் நீள்வது போல, பழைய கட்டடத்தைச் சிதைக்காமல் புதியவை சேர்ந்தன. இடைகழிகள் அவற்றை இணைத்தன.

இம்முறை மன்னர்களோடு முடிந்துவிடவில்லை. இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, 1950களின் இறுதியில் கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் ஒன்றைத் தமக்கெனப் பெற்றார். அடுத்த பத்தாண்டுக்குள் மற்ற மூன்றும் அவர் வசமாயின. அவற்றைச் சிறு முற்றங்களாலும் நீண்ட நடையாலும் இணைத்து ஒரே இல்லமாக்கினார். முன்னிருந்த வீட்டின் இடத்தில் நான்கு நிலைக் கட்டடம் எழுப்பவும் செய்தார். விரிவாக்கம் என்பது எதையும் தொடாதிருப்பதன்று. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று ஒவ்வொரு முறையும் தேர்வதாகும்.

நாஞ்சில் நாட்டில் இன்று பாகப்பிரிவினை முடிந்த கையோடு பழைய வீடுகள் பிரிக்கப்படுகின்றன. தூணும் கதவும் விலைக்குப் போக, அவ்விடத்தில் கான்கிரீட் வீடு எழுகிறது. வசதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. குளியலறை வேண்டும், வாகனம் நிறுத்த இடம் வேண்டும், முதியோருக்குப் படியில்லா அறை வேண்டும். இவற்றை முற்றத்தை ஒட்டிச் சேர்க்க முடியுமா என்று ஒருமுறை கொத்தனாரையும் தச்சரையும் கேட்கலாம். அரசருக்கே தாய்வீடு தடையாக இருக்கவில்லை. நமக்கு ஏன் இருக்க வேண்டும்?