செல்லாக் காசின் கதை

ரோமானிய நாணயம் என்றாலே நமக்கு மிளகுக்கு ஈடாக வந்த பொன்தான் ஞாபகம். பழம்பெருமை பேச அது தோது. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த, கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் தேய்ந்த செப்புக் காசுகளை யாரும் மேடையேற்றுவதில்லை. பேரரசின் சில்லறை அது.

348வாக்கில் ரோம் ஒரு புது வெண்கலக் காசை வெளியிட்டது. 'நற்காலம் மீண்டது' என்று வாசகம். ஒரு படைவீரன், குதிரையிலிருந்து சரிகிறவனை ஈட்டியால் குத்துகிறான். சரிகிறவன் 'காட்டுமிராண்டி', எல்லைக்கு வெளியே இருப்பவனுக்கு அதிகாரத்தின் மொழியில் வேறு பெயர் ஏது? பத்தாண்டுக்குள் அந்தக் காசின் எடை ஏறத்தாழ பாதியாகிப்போனது. வாசகம் மட்டும் அப்படியே இருந்தது.

பொன்னுக்கு இந்தக் கதி இல்லை. கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சொலிடஸ் நாலரை கிராம் எடை குறையாமல் நூற்றாண்டுகள் நின்றது. அதிகாரமும் செல்வமும் பொன்னில் புழங்கின. சந்தையில் ரொட்டி வாங்குகிறவர் கையில் வெண்கலம். 445இல் மூன்றாம் வாலன்டினியன் ஒரு சட்டம் போட்டான்: நாணயமாற்றுக்காரரிடம் 7,200 சிறுகாசு கொடுத்து வாங்கிய சொலிடஸை 7,000த்துக்குக் குறைத்து விற்கக் கூடாது. சிறுகாசு ஒன்று சுமார் ஒரு கிராம். ஆக, ஏழு கிலோ வெண்கலத்தைச் சுமந்துபோனால் நாலரை கிராம் பொன். ஏழையின் முதுகு எதைச் சுமந்தது என்பதற்கு இதைவிட நேரான கணக்கு வேண்டாம்.

இந்தக் காசுகளைத்தான் பால்கன் வயல்களில் உலோகங்காட்டும் கருவியோடு திருட்டுத்தனமாகத் தோண்டி, மண் ஒட்டியபடியே மொத்தமாக விற்கிறார்கள். சேகரிப்பவர் மண்ணைச் சுரண்டுகிறார். முகம் தெளிந்தால் அரசன் பெயர் எழுதித் தட்டில் வைக்கிறார். சேகரிப்பாளர்களைச் சும்மா ஏசிவிடவும் முடியாது. எந்த அக்கசாலையின் குறி எது என்று பொறுமையாகப் பிரித்தறிந்ததில் அவர்கள் உழைப்பு உண்டு. ஆனால் எந்த வயல், எந்தக் குழி, கூட என்ன கிடந்தது? எல்லாம் போச்சு. அரசன் மிஞ்சினான், காசை வைத்திருந்தவன் தொலைந்தான்.

2010இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் அருகே ஒரே பானையில் 52,503 காசுகள் கிடைத்தன. 3ஆம் நூற்றாண்டின் மட்டமான சில்லறைதான் பெரும்பாலும். கண்டவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளரைக் கூப்பிட்டார். அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்தால், ஆகக் கடைசிக் காலத்தைச் சேர்ந்த கரௌசியஸ் காசுகளில் பெரும்பகுதி பானையின் கீழ்ப்பாதியில் கிடந்தது. அப்படியானால் சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியல் அல்ல, ஒரே வேளையில் கொட்டியது. ஊர்கூடிச் செலுத்திய காணிக்கையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் சொன்னது இந்த அடுக்கை வைத்துத்தான்.