1942: காலியான சென்னை

சிங்கப்பூர் யாராலும் பிடிக்க முடியாத கோட்டை என்று பிரிட்டிஷ் அரசு சொல்லிவந்தது. 1942 பிப்ரவரி 15-ல் அது ஜப்பானிடம் சரணடைந்தது. மார்ச்சில் பர்மாவின் ரங்கூனும் போனது.

அதைவிடப் பெரிய அடி, பர்மாவிலிருந்து நடந்தே வந்த அகதிகள் சொன்ன கதைகள். வெள்ளையருக்கு வசதியான வழி. இந்தியருக்குக் காடும் காலராவும். பத்திரிகையைத் தணிக்கை செய்யலாம், திண்ணைப் பேச்சை என்ன செய்வது? தபால் ஆபீஸ் சேமிப்பை ஜனங்கள் எடுக்கத் தொடங்கினார்கள். வெள்ளிக்காசு பதுங்கியது.

ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்ததும் சென்னை அரசே மூட்டை கட்டியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. மிருகக்காட்சிசாலையில் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஜப்பானியப் படை கரையிறங்கவேயில்லை. ஆகஸ்டில் காங்கிரஸ் ‘வெள்ளையனே வெளியேறு’ என்றபோது, அந்த அரசு அவசரமாகக் கிளம்பியதைச் சென்னைவாசிகள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.