வேர்க்கடலையும் ஒரு பிரதமரும்

செனகல் பிரதமர் மமடூ டியா 1962 டிசம்பரில் வீழ்ந்ததை, ஜனாதிபதி செங்கோருடன் மூண்ட அதிகாரப் போட்டி என்று பலரும் சுருக்கிவிடுகிறார்கள். ஒரே உறையில் இரண்டு வாள் தங்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த விளக்கம் வேர்க்கடலையை மறந்துவிடுகிறது. நாட்டின் ஏற்றுமதி வருமானம் பெரும்பாலும் அந்தப் பயிரையே நம்பியிருந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் வழியே அந்த வியாபாரத்தை இடைத்தரகர்களிடமிருந்தும் பிரெஞ்சு நிறுவனங்களிடமிருந்தும் மீட்க டியா முனைந்தார். கடன் கொடுத்துக் குடியானவரைக் கட்டிவைத்திருந்தவர்களுக்கும், மரபூ எனப்படும் சமயத் தலைவர்களில் சிலருக்கும் அது பொறுக்கவில்லை. டியா அரசின் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் அந்தப் பின்னணியில்தான் நாடாளுமன்றத்தில் வந்தது.

டிசம்பர் 17 அன்று படையை அனுப்பி நாடாளுமன்றத்தைக் காலிசெய்தவர் டியாதானே என்று கேட்கலாம். ஆம், அது பெரும்பிழை. அவருடைய நியாயத்தையே அது மூடிவிட்டது. ஆயினும் அப்போது அரசாங்கத் தலைவர் அவர்தான்; ஆட்சியில் இருப்பவரே ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார் என்ற குற்றச்சாட்டு எளிதில் நிற்காது. உறுப்பினர்கள் அன்றே சபைத் தலைவர் லமீன் கெய் வீட்டில் கூடித் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். மறுநாள் டியா கைதானார். 1963இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்த உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளாக அமர்ந்தவர்களில் பெரும்பாலோரும் நாடாளுமன்ற உறுப்பினர்களே. அதே ஆண்டின் புதிய அரசமைப்பு பிரதமர் பதவியையே நீக்கியது. டியா 1974 வரை சிறையில் இருந்தார். அதில் பெரும்பகுதி தென்கிழக்கு மூலையிலுள்ள கெடூகூவில் கழிந்தது.